லவ் என்ற சொல்லுக்கு இயைபு தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கிலத்தில் பாட்டெழுதிப் பார்க்கும் பிள்ளைகளோடு பல ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். கல்லூரி மலருக்கு ஒரு கவிதை, அக்கா திருமணத்துக்கு ஒரு வாழ்த்து, கிட்டாரோடு பாட ஒரு பல்லவி என்று எதைத் தொடங்கினாலும் இரண்டாவது வரிக்குள் 'லவ்' வந்துவிடும். வந்ததும் பேனா நின்றுவிடும். அந்த இடத்தில் எழும் ஐயங்கள் ஆண்டுதோறும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நம் எழுத்து ஆங்கில ஒலிகள் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டாது என்பதால், தேவையான இடங்களில் பொருளையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

இயைபு என்றால் கடைசி எழுத்து ஒத்து வந்தால் போதும்தானே?

தமிழில் ஏறக்குறைய அப்படித்தான். தமிழில் எழுதுவதும் ஒலிப்பதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கின்றன. ஆங்கிலத்தில் எழுத்து ஒரு பக்கம் போகும், ஒலி இன்னொரு பக்கம் போகும். அங்கே இயைபு ஒலியைச் சேர்ந்தது. சொல்லில் அழுத்தம் விழும் கடைசி உயிரொலி தொடங்கிச் சொல் முடியும்வரை எல்லா ஒலிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் நிற்கும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். இரண்டும் அமைந்தால் முழு இயைபு.

லவ்வை உடைத்தால் ல், அ, வ் என்று மூன்று ஒலிகள். தலையில் நிற்கும் ல் மாறலாம். 'அவ்' என்ற வால் மாறக் கூடாது. அந்த அகரம் 'கல்', 'பல்' என்பவற்றில் வரும் குறில் அகரத்துக்கு மிக அருகில் இருப்பது. வகரமோ மேற்பல் கீழுதட்டைத் தொட, காற்று உரசிக்கொண்டு வருவது. கீழே வரும் ஐயங்களில் பாதி, இந்த இரண்டு ஒலிகளைத் தவறவிட்டதால் வந்தவை.

இன்னொரு பழக்கமும் குறுக்கே நிற்கிறது. நம் செய்யுளில் காது வரியின் தொடக்கத்தில் காத்திருக்கும். முதல் குறளின் முதல் அடி 'அகர' என்று தொடங்குகிறது, இரண்டாம் அடி 'பகவன்' என்று தொடங்குகிறது, அதுதான் எதுகை. ஆங்கிலக் காது வரியின் கடைசியில் காத்திருக்கும்.

சரி, லவ்வுக்கு முழு இயைபாக எத்தனை சொற்கள் இருக்கின்றன?

அன்றாடப் புழக்கத்தில் நான்கு. டவ் (புறா), க்ளவ் (கையுறை), ஷவ் (பிடித்துத் தள்ளுவது), அபவ் (மேலே). இவற்றை ஒட்டிப் பிறந்த கூட்டுச்சொற்கள் சில உண்டு: ஃபாக்ஸ்க்ளவ் என்ற பூச்செடி, டர்ட்டில்டவ் என்ற புறா வகை. ஆங்கிலேயர் பேச்சில் 'கவர்னர்' என்பதைக் குறுக்கி மேலதிகாரியைக் 'கவ்' என்று அழைப்பதும் இயையும். ஆனால் அதைக் காதல் பாட்டில் வைத்தால் சிரிப்புத்தான் வரும்.

நாள் என்ற பொருளுள்ள 'டே'யை எடுத்தால் சே, வே, ப்ளே, ஸ்டே என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகலாம். அத்தனை புழங்கும் லவ்வுக்கு நான்குதான். ஆனாலும் 'ஆரஞ்ச்' என்ற சொல்லை எழுதியவர் நிலை இதைவிட மோசம். அவருக்கு வேல்ஸ் நாட்டில் இருக்கும் ப்ளோரெஞ்ச் என்ற மலையைத்தான் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

நான்கே நான்கா? நீங்கள் சரியாகத் தேடவில்லை போலிருக்கிறதே?

நீங்களே தேடிப் பாருங்கள், வழி எளிது. 'அவ்' என்ற வாலை அப்படியே வைத்துக்கொண்டு, ஆங்கில மெய்களை ஒவ்வொன்றாக அதன் தலையில் ஒட்டிச் சொல்லுங்கள். முதலில் தனி மெய்கள், பிறகு ப்ள், ப்ர், க்ர், ட்ர், ஸ்ட் போன்ற கூட்டு மெய்கள். ஒவ்வொன்றிலும் 'இப்படி ஒரு சொல் இருக்கிறதா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். ஆனால் எந்தச் சொல்லுக்கும் இதே வழி உதவும்.

ஓரசைச் சொற்கள் முடிந்ததும், அழுத்தம் கடைசி அசையில் விழும் நீண்ட சொற்களைத் தேடுங்கள். 'அபவ்' அப்படிக் கிடைத்ததுதான். அழுத்தம் முன்னால் விழுந்தால் பயனில்லை. 'ஆலிவ்' வகரத்தில் முடிந்தாலும் அதன் எடை முழுவதும் முதல் அசையில் இருக்கிறது.

மூவ், ப்ரூவ் இரண்டும் எழுத்தில் லவ்வைப் போலவே முடிகின்றன. பெரிய கவிஞர்களே பயன்படுத்தியிருக்கிறார்களே?

பயன்படுத்தியிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 116ஆம் சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை) லவ்வோடு 'ரிமூவ்' வருகிறது. அதே கவிதையின் கடைசி இரண்டு வரிகளில் 'ப்ரூவ்ட்', 'லவ்ட்' என்று இன்னொரு முறையும் வருகிறது. இன்றைய உச்சரிப்பில் ஒன்றில் நெடில் ஊகாரம், மற்றதில் குறில் அகரம். பார்க்க ஒன்றாக இருந்து கேட்க வேறாக இருப்பதைக் கண் இயைபு என்பார்கள்.

ஆனால் அவர் அதைக் கண்ணுக்காக எழுதினாரா என்பது வேறு கேள்வி. அந்தச் சானெட்டுகள் 1609இல் அச்சானவை. அதற்குப் பிறகு ஆங்கில உயிரொலிகள் நிறைய நகர்ந்துவிட்டன. அந்தக் காலத்தில் லவ்வும் ப்ரூவும் காதுக்கே இயைந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் டேவிட் கிறிஸ்டல் போன்றோரின் கருத்து. 2004இல் லண்டன் குளோப் அரங்கில் 'ரோமியோ ஜூலியட்' ஷேக்ஸ்பியர் கால உச்சரிப்பில் மேடையேறியபோது, அந்த உச்சரிப்பை அமைத்துக் கொடுத்தவரும் அவர்தான். எனவே 'ஷேக்ஸ்பியரே எழுதியிருக்கிறார்' என்ற வாதம் இன்று எழுதும் பாட்டுக்கு உதவாது. அவர் காதில் அது இயைந்தது. உங்கள் பாட்டைக் கேட்பவர் காதில் இயையாது. அரை இயைபாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்; அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒலி அகரம் என்றால், எழுதும்போது ஏன் 'ஓ' போடுகிறார்கள்?

பழைய ஆங்கிலத்தில் இது 'லுஃபு'; உகரம்தான் எழுதினார்கள். பிற்காலத்துக் கையெழுத்துப் படிகளில் 'யு', 'வி', 'எம்', 'என்' ஆகிய எழுத்துகள் எல்லாமே குட்டையான செங்குத்துக் கோடுகளாக இருந்தன. 'யு', 'வி' இரண்டுக்கும் தனித்தனி வடிவம்கூடக் கிடையாது. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எது எதுவென்று தெரியாமல் வேலி அடித்ததுபோல் இருக்கும். படிப்பவர் தடுமாறாமல் இருக்க, எழுதுவோர் 'யு'வுக்குப் பதில் வட்டமான 'ஓ'வைப் போட்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 'கம்' (வா), 'சன்' (மகன்), 'மங்க்' (துறவி) ஆகியவற்றில் 'ஓ' உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். இன்று நாம் கண் இயைபில் ஏமாறுவதற்கு அவர்கள் கையெழுத்தும் ஒரு காரணம்.

லவ், ஸ்டவ். இது நல்ல இயைபுதானே? வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதைக் கொண்டுவருவார், எனக்கும் ஒவ்வோர் ஆண்டும் மனம் இளகும். தமிழ்நாட்டுச் சமையலறையில் அது ஸ்டவ்தான், மறுப்பில்லை. ஆங்கிலத்தில் அது 'ஸ்டோவ்'. ட்ரோவ் (ஓட்டினான்), வோவ் (நெய்தான்), க்ரோவ் (தோப்பு), க்ளோவ் (கிராம்பு) எல்லாம் அந்த ஓகாரக் குடும்பம். லவ்வோடு எழுத்தில் மட்டுமே உறவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புறாவைக் குறிக்கும் 'டவ்'வும், அமெரிக்காவில் 'குதித்து மூழ்கினான்' என்பதற்குச் சொல்லும் 'டோவ்'வும் எழுத்தில் ஒன்றே. முன்னது இயையும், பின்னது இயையாது. வாக்கியத்தைப் படித்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

நவ், ஹவ், கவ்... இவையும் 'அவ்' என்றுதானே முடிகின்றன? பட்டியலில் ஏன் சேர்க்கவில்லை?

இது தமிழ் எழுத்து வைத்த பொறி. 'இப்போது', 'எப்படி', 'பசு' என்று பொருள்படும் அந்த மூன்று சொற்களும் ஆங்கிலத்தில் ஔகார ஒலியில் முடிகின்றன. கடைசியில் உதடு குவியுமே தவிர, பல் உதட்டைத் தொடாது. லவ்வின் முடிவில் பல் கட்டாயம் தொட வேண்டும். நமக்கோ ஔவும் அவ்வும் பழங்காலத்திலிருந்தே ஒன்றுக்கு ஒன்று போலி. ஔவை என்றும் எழுதுவோம், அவ்வை என்றும் எழுதுவோம். இரண்டும் ஒரே பாட்டிதான். அந்த உரிமையை ஆங்கிலத்துக்கும் நீட்டும்போது 'லவ்', 'நவ்' இயைபாகத் தோன்றிவிடுகிறது.

இதன் பெரிய வடிவம் 'லவர்'. கோபுரத்தை டவர் என்கிறோம், மின்சாரத்தைப் பவர் என்கிறோம், குளியலறையில் ஷவர், பூவுக்கு ஃப்ளவர். தமிழில் எழுதினால் ஐந்தும் அணிவகுத்து நிற்கும். ஆங்கிலத்தில் லவர் மட்டும் தனியாள். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். கீழுதடு மேற்பல்லுக்கு அடியில் போகாத சொல் எதுவும் லவ்வின் உறவில்லை.

க்ளவ் என்ற சொல்லுக்குள் 'லவ்' அப்படியே இருக்கிறது. ஒரே சொல்லை இருமுறை சொன்னது ஆகாதா?

ஆகாது. முதல் கேள்வியின் விதியில் 'முன்னால் நிற்கும் மெய்' என்றது அந்த அசையின் மெய்த்தொகுதி முழுவதையும். லவ்வில் அது வெறும் ல். க்ளவ்வில் இரண்டு மெய்கள் சேர்ந்தது. ஆகவே வேறுபாடு இருக்கிறது; முழு இயைபு என்றே எல்லோரும் ஏற்கிறார்கள். மிக நுட்பமான காதுள்ளவர்களுக்குக் கொஞ்சம் மந்தமாகப் படலாம்.

'க்ளவ்'வையும் 'ஃபாக்ஸ்க்ளவ்'வையும் இணைத்தால்தான் சிக்கல். அங்கே முன்மெய்யும் ஒன்று. இதை ஒரே ஒலி இயைபு என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதைச் செல்வச் செழிப்பு என்று பாராட்டுவார்கள். இன்றைய ஆங்கிலக் காது சோம்பேறித்தனம் என்று சொல்லும். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில் ஆங்கிலமும் இதைக் குறையாக நினைக்கவில்லை. 'கான்டர்பரி கதை'களின் முன்னுரையிலேயே, தேடுவதைக் குறிக்கும் சொல்லையும் நோயுற்றிருப்பதைக் குறிக்கும் சொல்லையும் ஒரே ஒலியில் அடுத்தடுத்த வரிகளின் முடிவில் வைத்திருக்கிறார்.

இணையக் கருவி ஒன்று 'ஆஃப்' என்ற சொல்லைக் கொடுத்தது. அது எப்படி இயையும்?

'உடைய' என்று பொருள்படும் அந்தச் சிறு சொல்லின் எழுத்தில் 'எஃப்' இருந்தாலும் ஒலிப்பது வகரம். அமெரிக்கர்கள் அழுத்திச் சொன்னால் 'அவ்' என்றே கேட்கும். அப்படியானால் அது லவ்வுக்கு முழு இயைபு. அமெரிக்கப் பாடல்களில் 'உன்னைப் பற்றி நினைக்கிறேன்', 'கனவு காண்கிறேன்' என்ற பொருளுள்ள தொடர்கள் இந்தச் சொல்லில் முடிந்து லவ்வோடு கைகோப்பதை நிறையக் கேட்கலாம். நான்கே சொற்கள் உள்ள வீட்டுக்கு ஐந்தாவதாக வந்த விருந்தாளி. வேலைப்பளு முழுவதும் இதன் தலையில்தான்.

இங்கிலாந்தில் அதன் உயிர் வேறு, 'ஆவ்' போல இருக்கும். அங்கே இது அரை இயைபுதான். நம்மில் பலர் 'ஆஃப்' என்றே சொல்வதால் நம் வாயில் உயிரும் இயையாது, மெய்யும் இயையாது. யார் பாடப்போகிறார், யார் கேட்கப்போகிறார் என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். ஒரே பாட்டில் முதல் சரணத்துக்கு அமெரிக்க நாக்கும் இரண்டாவதற்கு லண்டன் நாக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கிலாந்தின் வடபகுதியில் 'லுவ்' என்கிறார்களாமே? அப்போது எல்லாம் மாறிவிடுமா?

'லுவ்' போலத்தான் சொல்கிறார்கள். தெற்கே 17ஆம் நூற்றாண்டில் அகரமாகப் பிரிந்த ஒலி, வடக்கே பழையபடி உகரமாகவே தங்கிவிட்டது. ஆனால் புறா, கையுறை, மேலே, தள்ளு எல்லாமே சேர்ந்து உகரத்தில் நிற்பதால் இயைபு குலையாது.

அரை இயைபு என்கிறீர்களே, அது தப்பை மறைக்கச் சொல்லும் பெயரா?

அப்படி ஒரு காலத்தில் நினைத்தவர்கள் உண்டு. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் அரை இயைபை நிறையவே கையாண்டார். அவர் இறந்த பின் 1890இல் கவிதைகளைத் தொகுத்தவர்கள் சில இடங்களில் அந்த இயைபுகளைத் 'திருத்தியே' அச்சிட்டார்கள். இன்று அந்தத் திருத்தங்களைத்தான் பிழை என்கிறோம்.

லவ்வுக்கு அரை இயைபு தேடும்போது உயிரைப் பிடித்துக்கொண்டு மெய்யை மாற்றுவது முதல் வழி. மெய் எவ்வளவு நெருக்கமானதோ அவ்வளவு நல்லது. வகரத்துக்கு மிக நெருங்கிய உறவு ஃப். அதே இடம், அதே உரசல், குரல் மட்டும் இல்லை. எனவே இனஃப் (போதும்), டஃப் (கடினம்), ரஃப் (கரடுமுரடு), ஸ்டஃப் (பொருள்), ப்ளஃப் (வெற்று மிரட்டல்) எல்லாம் முதல் வரிசை. கூர்ந்து கேட்டால் லவ்வின் அகரம் இவற்றின் அகரத்தைவிடச் சற்று நீண்டிருக்கும். குரலுள்ள மெய்க்கு முன் ஆங்கில உயிர் நீளும். அடுத்த வரிசை, குரலோடு உரசும் மற்ற மெய்கள்: தேனீயின் ரீங்காரமான 'பஸ்', 'செய்கிறாள்' என்பதற்கான 'டஸ்'. இரண்டிலும் ஸகரத்தைத் தொண்டை அதிரச் சொல்ல வேண்டும். பிறகு மூக்கொலிகள்: கம் (வா), சம் (சில), சன் (சூரியன்), ரன் (ஓடு). கடைசியில் வெடிப்பொலிகள்: ரப் (தேய்), மட் (சேறு), ப்ளட் (இரத்தம்). படி இறங்க இறங்க உறவு மெலிகிறது. பாஸ்டன் நகரின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் பாட்டெழுதக் கற்பித்த பாட் பேட்டிசன் இப்படி மெய்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துத் தேடும் முறையைக் குடும்ப இயைபு என்று அழைக்கிறார். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள முறை வேறில்லை.

எனக்குப் பிடித்தது இனஃப். 'லவ்', 'இனஃப்' என்று இரண்டு வரிகள் முடிந்தால் அன்பு போதுமா, போதாதா என்ற கேள்வி தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. முழுவதும் இயையாமல் ஒரு மயிரிழை விலகி நிற்பதும் அந்தப் பொருளுக்குப் பொருந்துகிறது. புறாவால் இதைச் செய்ய முடியாது.

லவ், லிவ், லீவ் என்று எழுதினேன். நண்பன் இது இயைபே இல்லை என்கிறான். யார் சரி?

நீங்கள்தான். வாழ், விட்டுப்போ என்று பொருள்படும் அந்த இரண்டும் லவ்வின் மெய்களை இரு பக்கமும் அப்படியே வைத்துக்கொண்டு உயிரை மட்டும் மாற்றுகின்றன. முன்பு பார்த்ததற்கு நேர் எதிரான வழி இது. முதல் உலகப் போரில் போர் நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்பு, 25 வயதில் இறந்த வில்ஃப்ரெட் ஓவன் இந்த முறையைப் போர்க் கவிதைகளில் விரிவாகக் கையாண்டார். இயையப்போவதுபோல் வந்து இயையாமல் போகும் அந்தக் கசப்பு அவர் பொருளுக்கு ஒத்துப்போனது.

முன்மெய்யை விட்டுவிட்டு வகரத்தை மட்டும் பிடித்தால் இன்னும் நிறையக் கிடைக்கும்: கிவ் (கொடு), ஹேவ் (வைத்திரு), சேவ் (காப்பாற்று), க்ரேவ் (கல்லறை), மேலே தள்ளிவைத்த மூவ், ப்ரூவ், ஏன், ஸ்டோவ்கூட. இவை தளர்ந்த இயைபுகள். பாட்டு முழுவதும் இப்படியே போனால் கேட்பவர் காது பழகி ஏற்றுக்கொள்ளும். பதினைந்து வரி முழு இயைபில் வந்துவிட்டு, பதினாறாவதில் மட்டும் 'கிவ்' என்று வைத்தால் சொல் கிடைக்காமல் தவித்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

லவ்விங், லவர், லவ்ட் என்று நீட்டினால் வழி திறக்குமா?

திறக்கும், சில இடங்களில் எதிர்பாராத அளவுக்கு. லவருக்குக் கவர் (மூடு), டிஸ்கவர் (கண்டுபிடி), ரெக்கவர் (மீண்டு வா) மூன்றும் முழு இயைபு, பொருளிலும் வளமானவை. மதர், ப்ரதர், அனதர் ஆகியவை நெருங்கிய அரை இயைபு. பல்லிடை உரசலும் பல்லுதட்டு உரசலும் காதுக்கு ஏறக்குறைய ஒன்று. டவர் வகையறாவை மறந்தும் தொட வேண்டாம், காரணம் மேலே சொன்னேன்.

லவ்விங் என்பதற்கு ஷவ்விங் மட்டுமே உருப்படியாக இருக்கிறது. பேச்சு வழக்கில் கடைசி ஒலியைத் தேய்த்து 'லவ்வின்' என்றால் சமையலறை 'அவன்' அருகே வந்துவிடும். லவ்ட் என்பதற்கு ஷவ்ட், க்ளவ்ட் உண்டு. 'பிலவ்ட்' என்பதில் லவ்ட் அப்படியே இருப்பதால், முன்பு பார்த்த ஒரே ஒலிச் சிக்கல் வரும். அதைப் பெயரடையாக 'பிலவ்விட்' என்று மூன்றசையாகவும் சொல்வதுண்டு. அப்போது வால் முழுவதும் மாறிவிடும்.

சொற்களைச் சேர்த்தும் இயைக்கலாம். பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதைக் குறிக்கும் 'கவிட்' என்ற ஒரே சொல், 'லவ் இட்' என்ற இரண்டு சொற்களோடு துல்லியமாக இயையும். இந்த ஜோடியை முதன்முதலில் கண்டுபிடிக்கும் மாணவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இயைபு அகராதி வாங்கலாமா, இணையக் கருவியே போதுமா?

கருவி போதும், அது எங்கிருந்து பேசுகிறது என்று தெரிந்திருந்தால். பல கருவிகளுக்கு அடித்தளம் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி. 1,30,000க்கும் மேற்பட்ட சொற்கள், வட அமெரிக்க உச்சரிப்பில். 'ஆஃப்' உங்கள் பட்டியலில் வந்தது அதனால்தான். புறாவுக்கும் மூழ்கியவனுக்கும் அதில் இரண்டு உச்சரிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. கருவி எதைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் சொல்லின் முடிவை வைத்து அடுக்கிய அகராதியைப் பீட்டர் லெவின்ஸ் 1570இலேயே வெளியிட்டார். 1775இல் வந்த ஜான் வாக்கரின் அகராதி, சொற்களைப் பின்னாலிருந்து முன்னால் எழுத்துக்கூட்டி அகர வரிசைப்படுத்தியது. அந்த முறையில் கையுறையும் கிராம்பும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும். கண்ணால் அடுக்கினால் அப்படித்தான் ஆகும். நம்மிடமும் புலவர்களுக்கான கருவி இருந்தது: மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி ககர எதுகை, சகர எதுகை என்று சொற்களை எதுகைப்படியே அடுக்கித் தருகிறது. அவரவர் செய்யுளுக்கு எது தேவையோ அதைத்தானே அடுக்குவார்கள்.

லவ்–டவ்–அபவ் எழுதினால் எல்லோரும் பழசு என்கிறார்களே?

பழசுதான். 'ரோமியோ ஜூலியட்'டில் ரோமியோவைக் கேலி செய்யும் நண்பன் மெர்குஷியோ, பெருமூச்சு விட்டு 'லவ்', 'டவ்' என்று ஒரு இயைபு சொன்னால் போதும் என்கிறான். அது 1590களில் எழுதிய நாடகம். அப்போதே புறா கேலிக்கு ஆளாகிவிட்டது. நான்கே சொற்கள் இருக்கும்போது எல்லோரும் அதே நான்கைத்தான் எடுப்பார்கள். லவ் என்று கேட்டதும் வானமும் புறாவும் வரப்போவது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

தப்பிக்கச் சில தந்திரங்கள் உண்டு. எதிர்பாராத சொல்லை முதல் வரியில் வைத்து, லவ்வை இரண்டாவதாக வரவிடுங்கள். ஷவ், க்ளவ் போன்ற முரட்டுச் சொற்கள் முதலில் வந்தால் பின்னால் வரும் லவ் வலிந்து கட்டியதாகத் தெரியாது. நான்கில் அதிகம் கைபடாதது ஷவ்; தள்ளுமுள்ளு உள்ள காதலுக்கு அது பொருத்தமும்கூட. இல்லையென்றால் லவ்வை வரியின் நடுவில் வைத்துவிட்டு வேறு சொல்லில் வரியை முடியுங்கள். பாதிப் பேருக்கு நான் சொல்வது இந்தக் கடைசி வழியைத்தான். லவ் வரியின் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

படிக்கும்போது இயையாதது பாடும்போது இயைகிறதே, எப்படி?

பாடகர் நீட்டுவது உயிரை. அகரத்தை நான்கு தாளம் இழுத்துவிட்டு வகரத்தைக் கடைசி நொடியில் தொட்டுவிட்டுப் போனால், அது வகரமா மகரமா என்று யாரும் கவனிப்பதில்லை. அதனால் பாட்டில் லவ்–கம், லவ்–ப்ளட் எல்லாம் தாராளமாக நடக்கும். வெறும் 'ல' என்று முடியும் இணை மட்டும் கிடைக்காது. வியப்பொலிகள் சிலவற்றை விட்டால், அந்தக் குறில் அகரத்தில் ஆங்கிலச் சொல் எதுவும் அழுத்தத்தோடு முடிவதில்லை. அச்சில் வரும் கவிதைக்கு இந்தச் சலுகை இல்லை.

தமிழ்ப் பாட்டிலேயே 'லவ்' வந்தால் எந்த விதி?

தமிழ் விதி. தமிழுக்குள் வந்ததும் அது லவ்வு ஆகிவிடுகிறது. கவ்வு, தவ்வு, வவ்வு மூன்றும் எதுகையாகவும் இயைபாகவும் வந்து சேரும். நவ்வியும் வவ்வாலும் எதுகைக்கு மட்டும் வரும். மேலே நான் விரட்டியடித்த ஸ்டவ்வும் இங்கே தாராளமாக உள்ளே வரலாம். இரண்டாம் வேற்றுமை ஏற்று 'லவ்வை' என்றால், எதிரே 'அவ்வை' வந்து நிற்பார்.